மாவுக்கட்டுக் காலோடு திரும்பிப் போனவர் குறித்து

அனுப்புநர்:
ஷாரன் த/பெ ஆர்தர்,
தற்காலிக வீடு, பழைய மண்டபத்தின் பின்புறம்,
கிளன்பெர்ரி தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
உயர்திரு அமிர்தலிங்கம் அவர்கள்,
செயலாளர்,
மூத்த அரசு ஊழியர் உன்னதச் சேவை விருதுத் தேர்வுக் குழு,
குவாந்தான், பகாங்.

பொருள்: இவ்வாண்டு விருதுக் குறிப்பில் என் தந்தை அமரர் ஆர்தரைப் பற்றி எழுதியுள்ள ஒரு வாக்கியத்தை நீக்க வேண்டியும், 'பெரட்டு முறை' வேறு தோட்டங்களுக்குப் போகும் முன் அதில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் இரண்டாவது மனு. முதல் மனுவை மலாயில் எழுதி அனுப்பினேன். 'தங்கள் உணர்வுகள் கவனத்தில் கொள்ளப்பட்டன' என்று பதில் வந்தது. ஐயா, நான் உணர்வை அனுப்பவில்லை, புகாரை அனுப்பினேன். இம்முறை தமிழில் எழுதுகிறேன். தாங்கள் தமிழர் என்பது ஒரு காரணம். நடந்த தவறு ஒரு தமிழ்ச் சொல்லில் நடந்தது என்பது மற்றொரு காரணம். அதை மலாயில் எழுதினால் தவறே காணாமல் போய்விடுகிறது. பொறுமையோடு கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் கோலா தெர்லாவில் காய்கறி லாரிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் கிராணியாக வேலை செய்கிறேன். என் அப்பா ஆர்தர் கிளன்பெர்ரி தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தவர். அம்மா பிலோமி கொழுந்து எடுப்பவர். சென்ற ஆண்டு நவம்பர் மழையில், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த மேல் லயத்தின் மீது மலை சரிந்தது. அதில் இறந்தவர் என் அப்பா ஒருவர்தான்.

2. அன்று எங்கள் தோட்டத்து மக்களை வெளியேற்றும் பணிக்குத் தலைமை தாங்கியவர் மலைச்சரிவு அவசரப் பிரிவின் மூத்த இயக்குநர் உயர்திரு புவனேஸ்வரன் அவர்கள். இவ்வாண்டு உன்னதச் சேவை விருது அவருக்கு என்று செய்தி வந்தது. விழாவில் மேடையேறி அவருக்கு மலர்க்கொத்துக் கொடுக்க என் அம்மாவுக்கு அழைப்பும் வந்தது. அழைப்போடு விருதுக் குறிப்பின் தமிழ்ப் பிரதி ஒன்றும் இருந்தது. யார் அனுப்பினார்களோ, தெரிந்து அனுப்பினார்களோ தெரியாமல் அனுப்பினார்களோ, நன்றி. இல்லையென்றால் அம்மா மலர்க்கொத்தோடு மேடையில் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டிருப்பார்.

3. அந்தக் குறிப்பில் உள்ளதை அப்படியே தருகிறேன்: 'தோட்ட மக்களின் பெரட்டு வழக்கத்தைப் பயன்படுத்திப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் புதிய முறையை இவர் கையாண்டார். ஒருவரும் விடுபடாமல் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பின்னர் உத்தரவை மீறி வீட்டுக்குத் திரும்பிச் சென்ற ஒருவர் மட்டும் துரதிர்ஷ்டவசமாக உயிரிழந்தார். இம்முறை மாநிலத்தின் மற்றத் தோட்டங்களுக்கும் வழிகாட்டியாக ஏற்கப்பட்டுள்ளது.'

4. என் அப்பாவுக்கு வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தது ஐயா. மருந்துத் தோம்பு முதுகில் இருக்கும்போதே சரிவில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. கட்டிலைவிட்டு எழுந்து பாத்ரூம் போக ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் அடுத்த வீட்டு யோகேந்திரன் அண்ணன் தோள் கொடுக்க வேண்டும். அண்ணன் வேலைக்குப் போய்விட்டால் அவர் வரும்வரை அப்பா அடக்கிக்கொண்டு கிடப்பார். அப்படிப்பட்டவர் அன்று மழையில், சேற்றில், செங்குத்தான படிகளில், யார் துணையும் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனாராம். நடந்து போனாரா, பறந்து போனாரா என்று குறிப்பில் எழுதவில்லை. எழுதியவருக்குத் தெரிந்தால் எனக்கும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

5. தாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர் அல்லர் என்று நினைத்து, பெரட்டு என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்குகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விடியற்காலையில் வேலைக்காரர் எல்லோரும் திடலில் கூடி நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல் இருக்கும். ஆனால் அது வேறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளை தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். பெரட்டில் ஆள் வந்திருந்தால் கங்காணி கண்ணாலேயே பார்த்துக்கொள்வார், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆள் வராதபோதுதான் பெண்டாட்டியோ மகனோ பதில் சொல்வார்கள். 'இருக்காரு' என்பார்கள். அதற்கு அர்த்தம்: ஆள் இன்னும் வரவில்லை, வீட்டில் இருக்கிறார், ஊருக்கு எங்கும் போய்விடவில்லை, பெயரை அடித்துவிடாதீர்கள், வந்துவிடுவார். எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று தொடங்கியதிலிருந்து அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். எங்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிரச்சினை என்னவென்றால் யாரும் கேட்கவில்லை.

6. இனி அன்று நடந்தது. நான் அங்கே இல்லை. சாலையில் மண் விழுந்து லாரிகள் எல்லாம் நின்றுவிட்டதால் கோலா தெர்லாவில் மாட்டிக்கொண்டேன். ஆகவே இதில் உள்ளது அம்மா சொன்னதும், கங்காணி தங்கையா சொன்னதும், லயத்துச் சனங்கள் சொன்னதும்தான். ஒருவர் பேச்சுக்கும் இன்னொருவர் பேச்சுக்கும் வித்தியாசம் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மேல் லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலை மலையில் வெடிப்பு தெரிந்தது. அவசரப் பிரிவு ஆட்கள் வீடு வீடாக வந்து எல்லோரையும் பெரட்டுத் திடலுக்கு இறங்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவின் காலைப் பார்த்தார்கள். 'அம்மா நீங்க முன்னால எறங்குங்க, நாங்க ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு வந்து ஐயாவ தூக்கிட்டு வரோம்' என்று சொன்னார்கள். அம்மா போக மனமில்லாமல் நின்றார். அப்பாதான் விரட்டினார். 'நீ போலா, நீ நின்னா மட்டும் என்ன, என்னைத் தூக்கவா போற?' என்றாராம். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

அந்த இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சர் எடுக்கத்தான் இறங்கினார்கள். அதற்குள் கீழ் லயத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று அவர்களை அங்கே அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தூக்கிவரச் சொன்னால் தூக்கியிருப்பார்கள். அவர்களை அனுப்பியவர்களும் கீழே பிள்ளைகள் தண்ணீரில் நிற்பதைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

7. திடலில் திரு புவனேஸ்வரன் மழைக் கோட்டோடு நின்றார். அவருக்குத் தமிழ் வீட்டில் பேசும் அளவுக்கு வரும், தோட்டத் தமிழ் வராது. கங்காணி தங்கையாவைக் கூப்பிட்டு, 'பெரட்டு மாதிரி பேர் கூப்பிடுங்க, நீங்க சொல்லச் சொல்ல நான் குறிச்சுக்கிறேன்' என்றார். நல்ல யோசனைதான். சனங்கள் பயந்துபோய் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் பழகிய குரல் பெயர் கூப்பிட்டதும் எல்லோரும் அடங்கி வரிசையாக நின்றுவிட்டார்கள். இதை நான் மறுக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் அப்படி ஒரு யோசனை வருவது பெரிய விஷயம்.

கங்காணி 'ஆர்தர்' என்று கூப்பிட்டார். அம்மா, 'இருக்காரு' என்றார்.

கங்காணிக்குப் புரிந்தது. ஆள் வரவில்லை, வீட்டில் இருக்கிறார். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி மலாயில், 'அடா, துவான், அடா' என்றார். நம் தமிழில் ஒருவரை அதட்டச் சொல்லும் அடா இல்லை ஐயா இது. மலாய் அடாவுக்கும் இருக்கிறார் என்றுதான் அர்த்தம். கங்காணி சொன்னது, மேலே ஆள் இருக்கிறார் என்று. அதிகாரி கேட்டது, இங்கே ஆள் இருக்கிறார் என்று. குறித்துக்கொண்டார். அடுத்த பெயருக்குப் போனார்கள். என் அப்பாவின் உயிர் போனது அந்த இடத்தில்தான், மலையில் இல்லை.

8. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் மேலே போகும் பாதையில் கயிறு கட்டிவிட்டார்கள். அம்மா சீருடையில் இருந்த ஒருவரிடம், 'எங்க வூட்டுக்காரரு?' என்று கேட்டார். அவர், 'சூடா மாச்சிக், செமுவா சூடா' என்றார். முடிந்தது அம்மா, எல்லோரும் ஆயிற்று என்று. அப்பாவை வேறு லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று அம்மா எண்ணிக்கொண்டார். அரசாங்க உடுப்புப் போட்டவர் முடிந்தது என்று சொன்னால் என் அம்மாவைப் போன்றவர்கள் நம்பிவிடுவார்கள். நம்பித்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறோம்.

மலை உடனே சரியவில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். திடலில் நின்ற எல்லோருக்கும் சூடாக மைலோ கொடுத்தார்கள், குடித்து முடித்தார்கள், கோப்பைகளைப் பொறுக்கினார்கள், லாரிகள் புறப்பட்டன. அதன் பிறகுதான் சரிந்தது. ஒரு ஸ்ட்ரெச்சர் மேலே போய் வர நேரம் இருந்தது.

லாரி கிளம்பும்போது மேல் லயத்தில் எங்கள் வீட்டு விளக்கு எரிவது பனிமூட்டத்திலும் தெரிந்ததாம். அம்மா பக்கத்தில் இருந்த சாரதா அக்காவிடம், 'அய்யய்யோ, வெளக்க அணைக்காம வந்துட்டேன் பாரு' என்றாராம். இதை சாரதா அக்கா என்னிடம் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு அன்றிலிருந்து அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

9. மண்ணைத் தோண்டி எடுத்தபோது அப்பா கட்டிலோடு இருந்தார். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. மாவுக்கட்டை வைத்துத்தான் சொன்னேன். லயத்துப் பிள்ளைகள் கலர் பேனாவால் அதில் பூவும் காரும் வரைந்து வைத்திருந்தார்கள். யோகேந்திரன் அண்ணனின் சின்ன மகள் 'தாத்தா சீக்கிரம் நடங்க' என்று எழுதியிருந்தாள். அவசரப் பிரிவு அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று, 'அடையாளம்: வலது காலில் மாவுக்கட்டு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒரே பிரிவு. ஒரு கையால் மாவுக்கட்டு என்று எழுதிவிட்டு இன்னொரு கையால் திரும்பிப் போனார் என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒருவரே வாசித்துப் பார்த்திருந்தால் போதும்.

10. 'உத்தரவை மீறி' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தச் சொல் விருதுக் குறிப்போடு பிறந்தது இல்லை. சரிவு நடந்த வாரமே பத்திரிகைக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கம்பெனி லாரி ஓட்டுநர் மகேன் ஒரு நாள் திரிங்காப்பில் பூ ஏற்றிவிட்டு வந்து, என் அப்பா யாரென்று தெரியாமல், 'கிளன்பெர்ரில ஒருத்தன் டிவி எடுக்கத் திரும்பிப் போயி செத்தானாம்லா, என்னா ஆசை பாரேன்' என்று என்னிடமே சிரித்துச் சொன்னார். பிறகு தெரிந்ததும் பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு ரூட் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டு டிவி கெட்டுப்போய் கட்டிலுக்கடியில் கிடந்தது என்பதையும் தங்கள் தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

11. அம்மாவின் நிலை இதைவிட மோசம். அடக்கத்துக்கு திரு புவனேஸ்வரன் நேரில் வந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, 'அம்மா, நீங்கதானே இருக்காருன்னு சொன்னீங்க?' என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் ஏதோ ஒன்று தாங்க முடியாமல் இருந்திருக்கும். ஆனால் தாங்க முடியாததை இறக்கிவைக்க அவருக்கு என் அம்மாவின் தலைதானா கிடைத்தது?

அன்றிலிருந்து அம்மா அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. தமிழ் பேசுகிறவர் 'இருக்கு' என்று சொல்லாமல் ஒரு நாளை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். 'சோறு இருக்காம்மா?' என்று கேட்டால் சட்டி மூடியைத் திறந்து காட்டுகிறார். சாரதா அக்கா வாசலில் நின்று, 'பிலோமி, இருக்கியா?' என்று கூப்பிட்டால் பதில் கொடுக்காமல் எழுந்து வந்து கதவைத் திறக்கிறார். மாதா கோயில் பூசையில் சாமியாருக்கு மறுமொழியாக எல்லோரும் 'இருப்பாராக' என்று சொல்லும் இடத்தில் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

12. உண்மையைச் சொன்னால், இந்த மனுவில் முதலில் விருதையே நிறுத்தச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. 'அந்தாளு அன்னைக்கு மழையில நின்னாரு. செல்லையா தாத்தாவ தோள்ல தூக்கிட்டு வந்தாரு. அத இல்லன்னு எழுதாத, பாவம்' என்றார். ஆகவே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர் பலரைக் காப்பாற்றினார். அதற்குத் தாங்கள் விருது கொடுங்கள், பொன்னாடை போர்த்துங்கள், நாங்கள் தடுக்கவில்லை. காப்பாற்றாத ஒருவரைக் காப்பாற்றியதாகக் கணக்கில் சேர்த்து, சேர்ந்த கணக்கு உதைக்கிறது என்பதால் செத்தவர்மேல் பழியைப் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். பதில் சொல்ல அவருக்கு வாய் இல்லை. எனக்கு இருக்கிறது.

13. எனவே கீழ்க்கண்டவற்றைப் பணிவோடு கோருகிறேன்.

'உத்தரவை மீறித் திரும்பிச் சென்றார்' என்ற வாக்கியத்தை விருதுக் குறிப்பிலிருந்தும், அதை எடுத்தெழுதிய மற்ற எல்லா இடங்களிலிருந்தும் நீக்க வேண்டும். அந்த இடத்தில் 'நடக்க இயலாத ஒருவர் மேலே விடப்பட்டார்' என்று எழுத வேண்டும். 'ஒருவரும் விடுபடாமல்' என்பதையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டியிருக்கும். அது தங்களுக்குச் சங்கடம் என்று தெரியும்.

கங்காணி தங்கையாவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். எழுதிக் கொடுக்கப் பயப்படுகிறார், குடியிருப்பது தோட்டத்து வீட்டில். கூப்பிட்டுக் கேட்டால் மறைக்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். 'நான் மேல ஆளு இருக்குன்னுதான்மா சொன்னேன்' என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். அவருக்கும் தூக்கம் போய்விட்டது.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பெரட்டு முறை மற்றத் தோட்டங்களுக்கும் போகப்போகிறது என்று குறிப்பு சொல்கிறது. அங்கேயும் கங்காணி பெயர் கூப்பிடுவார். அங்கேயும் கட்டிலில் கிடக்கும் ஒருவருக்காக யாராவது 'இருக்காரு' என்பார்கள். அங்கேயும் ஓர் அதிகாரி குறித்துக்கொள்வார். அது நடக்கக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் 'எங்கே?' என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதை அந்த முறையில் எழுதிச் சேருங்கள். அந்த ஒரு கேள்வி போதும். அன்று யாராவது அதைக் கேட்டிருந்தால் அம்மா வாயைத் திறந்திருக்கக்கூட வேண்டாம். கையை நீட்டிக் காட்டியிருப்பார். திடலிலிருந்து எங்கள் வீடு தெரியும்.

14. விழாவுக்கு அம்மா வருவார். மலர்க்கொத்தும் கொடுப்பார். அந்த வாக்கியம் மேடையில் வாசிக்கப்பட்டால் கொடுக்க மாட்டார். நானும் கூட வருவேன். எங்களை வெளியே அனுப்ப வேண்டிய நிலைமையைத் தங்கள் அலுவலகத்துக்கு உண்டாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இம்மனுவை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு தோட்டத்துப் பள்ளியில் படித்த தமிழில் கீழே தன் கையாலேயே எழுதியிருக்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுத்துப் பிழையையும் திருத்தவில்லை.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து நிற்கும்,

ஷாரன் ஆர்தர்

இடம்: கிளன்பெர்ரி தோட்டம், கேமரன் மலை
நாள்: 14 நவம்பர் 2025

பிலோமி, ஆர்தர் மனைவி:

அவரு எறங்கி வரல அய்யா. திரும்பியும் போவல. வீட்டுல இருந்தாரு. நான் சொன்னது நெசம். அவரு இருந்தாரு.